பஸ்டர் கீட்டனை வீழ்த்தியது பேசும் படமா?

கேள்வி இதுதான்: 1920களில் சாப்ளின், ஹெரால்ட் லாய்ட் இருவரோடும் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்பட்ட மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன், அடுத்த பத்தாண்டில் ஏன் காணாமல் போனார்? பேசும் படம் வந்ததும் அவருடைய காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. இந்தக் கதை ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. கீட்டன் ஒலியைக் கண்டு பயப்படவே இல்லை. 1929இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும் படமாகவே எடுக்கலாம் என்று கேட்டவர் அவர். மறுத்தது எம்.ஜி.எம். ஸ்டுடியோ. அதற்குப் பிறகு அங்கே அவர் நடித்த பேசும் படங்கள் நல்ல வசூலும் பார்த்தன. குரலும் ஒரு தடையாக இல்லை. கரகரப்பான, கனத்த குரல், அந்த முகத்துக்குப் பொருந்திய குரல். அவர் இழந்தது தன் சொந்த ஸ்டுடியோவையும், அங்கே பழகியிருந்த வேலை முறையையும். அந்த முறை எப்படி உருவானது, எப்படிப் பறிபோனது என்று பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை விளங்கும்.

கீட்டன் பிறந்தது 1895 அக்டோபர் 4, கான்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊரில். அந்த ஊருக்கும் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்பா ஜோவும் அம்மா மைராவும் ஊர் ஊராகப் போய், ஆடிப்பாடிக் கூட்டம் சேர்த்து, மருந்து விற்கும் ஒரு குழுவில் இருந்தார்கள். குழு அந்த ஊரில் இருந்தபோது குழந்தை பிறந்தது, அவ்வளவுதான். பிறகு மேடை வேடிக்கை நிகழ்ச்சிகளுக்கு மாறினார்கள். பையனுக்கு ஐந்து வயது ஆனபோது 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் அவனும் மேடையில் இருந்தான். அவனுடைய இளமை பற்றிப் பல கதைகள் உண்டு: சூறாவளி ஜன்னல் வழியாகத் தூக்கிப்போனது, மாயவித்தைக்காரர் ஹூடினி பெயர் வைத்தது என்று. அப்பா ஜோ விளம்பரத்தில் கைதேர்ந்தவர் என்பதால் இவற்றையெல்லாம் பாதி நம்பினால் போதும்.

நம்பவேண்டிய பகுதி வேறு. அடங்காத பையனை அப்பா அடக்கப் பார்க்கிறார் என்பதுதான் அந்த மேடை நிகழ்ச்சி. அடக்குவது என்றால், பையனைத் தூக்கித் திரைச்சீலை மீது எறிவது, கீழே இசைக்குழு உட்கார்ந்திருக்கும் இடத்தில் வீசுவது. தூக்க வசதியாக அவன் சட்டை முதுகில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தினர் பலமுறை புகார் செய்தார்கள். நியூயார்க்கில் சில காலம் அவன் மேடையேறவே முடியாமல் போனது. இன்று இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கீட்டன் மட்டும் கடைசிவரை அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு விழத் தெரியும், அதனால் அடிபடவில்லை என்றே சொல்லிவந்தார்.

அந்த மேடையில் அவர் இரண்டு விஷயங்களைக் கற்றார். ஒன்று, எப்படி விழுவது. இன்னொன்று, விழுந்து எழுந்து தானே சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது. உம்மென்று இருந்தால் அரங்கமே அதிர்கிறது. சலனமில்லாத அந்த முகம் இப்படி வந்ததுதான். அப்பாவின் குடி முற்றி, கைதவறினால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தபோது, 1917இல் மகனும் அம்மாவும் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு நியூயார்க்கில், அப்போது பெரும்புகழோடு இருந்த ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்பைப் பார்க்கப் போனார் கீட்டன். அன்றே 'தி புட்சர் பாய்' படத்தில் நடிக்கவும் செய்தார். நடிப்பைவிட அவரைப் பிடித்துக்கொண்டது கேமரா. அதை இரவல் வாங்கிப்போய்ப் பிரித்துப் பார்த்துத் திரும்பச் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வாரம் 250 டாலர் தரவிருந்த மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 40 டாலருக்கு ஆர்பக்கிளிடம் சேர்ந்தார். படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது, எந்தக் கோணத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை எடுபடும் என்பது எல்லாமே அங்கே கற்றவை. இடையில் முதல் உலகப்போருக்காக பிரான்ஸுக்குப் போய், கேட்கும் திறன் குறைந்து திரும்பினார்.

ஆர்பக்கிளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1921இல் ஒரு நடிகையின் சாவில் அவர் மீது வழக்கு வந்தது. மூன்று முறை விசாரணை நடந்தது. மூன்றாவதில் அவரை விடுவித்த நடுவர் குழு, அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று எழுதியே கொடுத்தது. அப்படியும் சினிமா உலகம் அவரைத் தள்ளிவைத்தது. கூட நின்ற சிலரில் கீட்டன் முக்கியமானவர்.

1920இல் ஆர்பக்கிள் முழுநீளப் படங்களுக்குப் போனபோது, தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க் கீட்டனுக்குத் தனிக் குழு அமைத்துக் கொடுத்தார். ஹாலிவுட்டில் சாப்ளின் முன்பு படமெடுத்த ஒரு ஸ்டுடியோதான் கீட்டனின் ஸ்டுடியோ ஆனது. அங்கிருந்து மூன்று ஆண்டுகளில் 19 குறும்படங்கள் வந்தன. எல்லாம் இருபது நிமிடம் ஓடும் இரண்டு ரீல் படங்கள்.

இங்கேதான் அந்த முறை பிறக்கிறது. எழுதிய திரைக்கதை கிடையாது. நாலைந்து பேர் உட்கார்ந்து ஆரம்பத்தையும் முடிவையும் பேசி முடிவுசெய்வார்கள். நடுவில் வருவது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது கீட்டனின் கட்சி. படப்பிடிப்பில் ஒரு வேடிக்கை சரியாக வரவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பேஸ்பால் ஆடப் போவார்கள். ஆடும்போது யாருக்காவது யோசனை தட்டும், திரும்ப வந்து எடுப்பார்கள். கேட்க விளையாட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அந்தக் குழுவில் ஃப்ரெட் கபூரி போன்ற அரங்க அமைப்பாளரும் எல்ஜின் லெஸ்லி போன்ற ஒளிப்பதிவாளரும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1921இல் வந்த 'தி பிளேஹவுஸ்' படத்தில் ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் மேடையில் நிற்பார்கள். லென்ஸின் ஒரு கீற்றை மட்டும் திறந்து படமெடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த கீற்றைத் திறந்து மறுபடி எடுத்து, இப்படி ஒன்பது தடவை. கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. ஒரு தடவை வேகம் பிசகினாலும் முழுதும் வீண்.

முழுநீளப் படங்களுக்கு மாறிய பிறகும் முறை மாறவில்லை. 'செவன் சான்ஸஸ்' (1925) இதற்குச் சரியான உதாரணம். முன்னோட்டமாகப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியபோது படம் சுமாராகப் போனது. கடைசியில் மலைச்சரிவில் கீட்டன் ஓடி இறங்கும்போது தற்செயலாக இரண்டு மூன்று கற்கள் பெயர்ந்து அவர் பின்னால் உருண்டு வந்தன. அந்த ஒரு நொடிக்கு அரங்கம் சிரித்தது. கீட்டன் அதைப் பிடித்துக்கொண்டார். காகிதக்கூழிலும் பிளாஸ்டரிலும் பாறைகள் செய்யச் சொன்னார். அவர் சொன்ன கணக்குப்படி 1500, சிலது எட்டடிப் பாறை. மறுபடி மலைக்குப் போய், ஒரு பாறைச் சரிவே அவரைத் துரத்துவது போல எடுத்துச் சேர்த்தார். அந்தப் படத்தில் இன்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் காட்சியைத்தான். எழுதி வைத்த திரைக்கதையை மட்டும் எடுக்கும் ஸ்டுடியோவில் அது நடந்திருக்கவே முடியாது.

டூப் போடாமல் நடித்தார் என்பதைப் பலரும் சொல்வார்கள். அதைவிட முக்கியம், அது டூப் இல்லை என்று நமக்குத் தெரியும்படி கேமராவைத் தள்ளி வைத்தது. முகத்தைக் கிட்டத்தில் காட்டி, வெட்டி, அப்புறம் விழுவதைத் தனியாகக் காட்டினால் யார் விழுந்தார் என்ற சந்தேகம் வரும். கீட்டன் முழு உடம்பையும் சுற்றியுள்ள இடத்தையும் ஒரே ஷாட்டில் காட்டுவார். அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 'அவர் ஹாஸ்பிடாலிட்டி' (1923) படப்பிடிப்பில் அவரைக் கட்டியிருந்த கம்பி அறுந்து ஆற்றோடு போனார். அதுவும் படத்தில் இருக்கிறது. 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ரயிலுக்குத் தண்ணீர் ஏற்றும் தொட்டியின் குழாயிலிருந்து வெள்ளம் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. அன்று தலைவலி என்று மட்டும் நினைத்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எப்போது கழுத்தை முறித்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

'ஷெர்லாக் ஜூனியர்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சினிமா தியேட்டர் ஆபரேட்டர் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறான். உள்ளே போனதும் காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது: படிக்கட்டில் உட்காரப் போனால் தெருவாகிறது, நடந்தால் மலை விளிம்பாகிறது, தண்ணீரில் குதித்தால் பனிக்குவியலாகிறது. ஆள் மட்டும் இம்மியும் நகராமல் ஒவ்வொரு இடத்திலும் அதே நிலையில் இருக்கிறான். நில அளவைக் கருவிகளை வைத்து கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு இடத்திலும் அளந்து எடுத்தார்கள். சினிமா என்றால் என்ன என்பதைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்த படம் அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

பலரும் அவருடைய உச்சம் என்று சொல்வது 1926இல் எடுத்த 'தி ஜெனரல்'. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் வடக்குப் படை ஒற்றர்கள் தெற்கின் ரயில் எஞ்சினைக் கடத்திய உண்மைச் சம்பவம் அது. அந்தக் காலத்துத் தண்டவாளம் போன்ற ஒன்று வேண்டும் என்பதற்காக ஓரிகான் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் ஊருக்குப் போனார்கள். அங்கே எஞ்சினின் முகப்புத் தடுப்பில் உட்கார்ந்தபடி, தண்டவாளத்தில் கிடக்கும் ஒரு ஸ்லீப்பர் கட்டையை, கையிலிருக்கும் இன்னொரு கட்டையால் அடித்துத் தெறிக்க விடுவார் கீட்டன். குறி தப்பினால் ரயிலே கவிழும். எரியும் பாலத்தில் ஏறிய எஞ்சின் ஆற்றில் விழும் காட்சிக்கு உண்மையான எஞ்சினையே விழவைத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு ஆன செலவு 42,000 டாலர் என்பார்கள். மௌனப் படக் காலத்தின் மிக விலையுயர்ந்த ஷாட் என்று பெயர். அந்த எஞ்சின் இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்புக்கு எடுத்துப்போகும்வரை அங்கேயே கிடந்தது.

படம் வெளியானபோது விமர்சகர்கள் பலரும் கைவிட்டார்கள், போட்ட பணமும் சரியாகத் திரும்பவில்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் நிற்பது அடிமைமுறையைக் காக்கப் போராடிய தெற்கின் பக்கம். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'செவன் சான்ஸஸ்' போன்ற படங்களில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் துணுக்குகளும் உண்டு. இவை எனக்கு உறுத்துகின்றன, பார்க்கப் போகிறவர்களுக்கும் உறுத்தும்.

'தி ஜெனரல்' தோல்விக்குப் பிறகு ஷெங்க்கின் பிடி இறுகியது. அடுத்த இரண்டு படங்களில் கடைசியானது 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928). புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மீது சாய்கிறது. மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, அவர் தப்பிக்கிறார். சுவரின் எடை இரண்டு டன் என்பார்கள். தலைக்கும் தோளுக்கும் இருந்த இடைவெளி சில அங்குலம்தான். ஜாக்கி சான் 1987இல் 'புராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் இதே காட்சியைத் திரும்பச் செய்து கீட்டனுக்கு மரியாதை செலுத்தினார். ஜாக்கி சான் படம் பார்த்து வளர்ந்த நமக்குக் கீட்டன் அவ்வளவு அந்நியர் இல்லை.

அந்தப் படம் முடியும் சமயத்தில்தான் ஸ்டுடியோவை மூடப்போகிறோம் என்ற சேதி வந்தது. இங்கே ஒரு முக்கியமான விவரம்: கீட்டனின் பெயரில் இருந்த நிறுவனத்தில் கீட்டனுக்குப் பங்கு கிடையாது. வாரச் சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும்தான். சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது, படத்தை வெளியிடும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திலும் பங்கு இருந்தது. லாய்ட் தன் படங்களுக்குத் தானே முதலாளி. அதனால்தான் சாப்ளின் 1931இலும் 1936இலும்கூடப் பேச்சைத் தள்ளிவைத்து, நினைத்த மாதிரி படமெடுக்க முடிந்தது. கீட்டன் பணக் கணக்கு பார்க்கத் தெரியாதவர். ஷெங்க் அவருக்குச் சகலையும்கூட. இருவருடைய மனைவியரும் சகோதரிகள், டால்மட்ஜ் வீட்டுப் பெண்கள். குடும்பத்துக்குள் என்ன கணக்கு என்று இருந்துவிட்டார்.

ஷெங்க் சொன்னபடி அவருடைய தம்பி தலைமை வகித்த எம்.ஜி.எம். குழுமத்தில் 1928இல் கையெழுத்திட்டார். போகாதே என்று சாப்ளினும் லாய்டும் எச்சரித்தார்கள். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அது என்று கீட்டன் பிற்காலத்தில் எழுதினார். முதல் படம் 'தி கேமராமேன்' நன்றாகவே வந்தது, ஏனென்றால் அதில் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டுத் தன் வழியில் எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு கதை இலாகா எழுதித் தரும், இவர் நடிப்பார். குழு கலைந்துபோனது. ஆபத்தான காட்சிகளுக்கு அனுமதி இல்லை. ஒரே படத்தை ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் திரும்பத் திரும்ப நடிக்கச் சொன்னார்கள். வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தார். பிறகு, வாய் ஓயாமல் பேசும் ஜிம்மி டுராண்டியோடு ஜோடி சேர்த்தார்கள். எந்தச் சிக்கலிலும் யோசித்து வழி கண்டுபிடிக்கும் கீட்டனின் பாத்திரம், இந்தப் படங்களில் எல்லோரிடமும் ஏமாறும் அசடாக மாறிவிட்டது. படங்கள் ஓடியதுதான் கொடுமை. ஓடுகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று ஸ்டுடியோ கேட்டது.

குடி பிடித்துக்கொண்டது. 1932இல் மணமுறிவு; வீடு போனது, இரண்டு மகன்களுடைய குடும்பப் பெயரும் தாயின் பெயராக மாற்றப்பட்டது. 1933இல் எம்.ஜி.எம். வேலையைவிட்டு நீக்கியது. அடுத்த சில ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை: மருத்துவமனை, நிலைக்காத இரண்டாவது திருமணம், அவசரமாக எடுத்த மலிவான குறும்படங்கள். பிறகு அதே எம்.ஜி.எம்.மில் வாரம் 100 டாலருக்கு மற்ற நடிகர்களுக்கு வேடிக்கைகள் யோசித்துத் தரும் வேலை.

ஆனால் கதை அங்கே முடிந்துவிட்டதாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1940இல் எலினார் நாரிஸ் என்ற நடனக் கலைஞரை மணந்தார். இருபதுக்கு மேற்பட்ட ஆண்டு வயது வித்தியாசம், ஆனாலும் கடைசிவரை நிலைத்த திருமணம். 1947இல் பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் ஆடி வெற்றி பெற்றார். 1949இல் ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர் 'லைஃப்' இதழில் மௌனப் பட நகைச்சுவையைப் பற்றி எழுதிய கட்டுரை, கீட்டன் பெயரை ஒரு தலைமுறைக்கே ஞாபகப்படுத்தியது. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். முழுநீளப் படம் ஒன்றில் அவர்கள் சேர்ந்த ஒரே தடவை அதுதான். கீட்டன் முன்பு வாழ்ந்த மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே மறந்துபோய்க் கிடந்த பழைய ரீல்களைக் கண்டெடுத்தார். தொலைந்துவிட்டதாக நினைத்த படங்கள் மெல்ல மெல்லத் திரும்ப வந்தன. 1960இல் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது.

1964இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'தி ரெயில்ராடர்' என்ற வசனமில்லாத குறும்படத்தில் நடித்தார். தண்டவாளத்தில் ஓடும் சின்ன மோட்டார் வண்டியில் ஒரு கிழவர் கனடாவின் குறுக்கே போகிறார். ஓர் உயரமான பாலத்தைக் கடக்கும்போது, பெரிய வரைபடம் உடம்பெல்லாம் சுற்றிக்கொள்ள, எங்கே போகிறோம் என்று தெரியாமலே போக வேண்டும் என்பது கீட்டனின் யோசனை. ஆபத்து என்று இயக்குநர் தயங்கினார். கீட்டன் விடவில்லை, கடைசியில் அவர் சொன்னபடிதான் எடுத்தார்கள். இந்த வாக்குவாதத்தையே ஒரு ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. எம்.ஜி.எம்.மில் அவருக்கு மறுக்கப்பட்டது எது என்று தெரிந்துகொள்ள அதைப் பார்த்தால் போதும். அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்றால், 'ஒன் வீக்' (1920). புதுமணத் தம்பதி பெட்டிகளில் வந்த வீட்டைத் தாங்களே கட்டுகிறார்கள். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டி எண்களை மாற்றிவிடுகிறான். இருபது நிமிடம்தான், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்காரவையுங்கள். பிறகு 'ஷெர்லாக் ஜூனியர்', அதற்கடுத்து 'தி ஜெனரல்'. 1920களின் கீட்டன் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் மங்கலான, தப்பான வேகத்தில் ஓடும் பிரதிகளும் நிறைய உலவுகின்றன. சீரமைக்கப்பட்ட பிரதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எம்.ஜி.எம். பேசும் படங்களில் ஒன்றையாவது கடைசியில் பாருங்கள். 'தி ஜெனரல்' பார்த்த கையோடு 'வாட்! நோ பீர்?' பார்த்தால், அதே மனிதரை ஏழே ஆண்டுகளில் என்ன செய்து வைத்தார்கள் என்று உங்களுக்கே கோபம் வரும்.